இரண்டாவது சரணத்தில் ஒரு பள்ளம்

பெட்டி வந்து மூன்று மாதமாகியும் ஏலிக்குட்டி அதைத் திறக்கவில்லை. கொச்சியிலிருந்து கூரியர்காரன் அதைக் கொண்டுவந்து முன்னறையில் இறக்கிய நாளில் அவள் புருஷன் பௌலோச்சன் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டுக்கு வந்த பிறகும் அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நல்ல உயரமாகவும் அகலமாகவும் இருந்ததால் அதன்மேல் ஒரு பழைய போர்வையை விரித்து ஏலிக்குட்டி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

பெட்டிக்குள் இருந்தது எட்டு ஃபேடர் வைத்த ஒரு கன்ட்ரோலர். ஃபேடர் என்றால் மேலும் கீழும் வழுக்கி ஓடும் ஒரு குமிழ், அவ்வளவுதான். குரலுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, தபலாவுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு பாட்டு ஓடும்போது எதை ஏற்றுவது எதை இறக்குவது என்று விரலால் தீர்மானிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் அடியில் மோட்டார் உண்டு. ஒருமுறை நீங்கள் ஏற்றி இறக்கியதைக் கம்ப்யூட்டர் எழுதி வைத்துக்கொள்ளும். மறுபடி பாட்டைப் போட்டால் ஆளே இல்லாமல் ஃபேடர் அதே மாதிரி ஏறி இறங்கும். பழைய கன்ட்ரோலரில் முதன்முதலில் இதைப் பார்த்த பங்குத்தந்தை பேய் பிடித்துவிட்டதோ என்று சிலுவை போட்டுக்கொண்டார்.

கேரளத்தில் பாலா என்ற ஊரிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே, ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது இவர்களுடைய ஸ்டுடியோ. முன்பு ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் புரையாக இருந்த கட்டிடம். சுவரில் துணியும் பஞ்சும் அடித்து, ஏசி வைத்து, முப்பது வருஷமாக அதில்தான் மாதா பாட்டும் புனிதர் பாட்டும் நோன்புப் பாட்டும் பதிவாகின்றன. மழை பெய்தால் இன்றைக்கும் சுவர் புகை நாறும். பாட வருகிற பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பாட முடியாமல் தவிப்பார்கள்.

அந்த முப்பது வருஷமும் கணவன் மனைவிக்குள் ஓர் எழுதாத ஒப்பந்தம் இருந்தது. மவுஸும் கீபோர்டும் ஏலிக்குட்டிக்கு, ஃபேடர் பௌலோச்சனுக்கு. வெட்டுவது, ஒட்டுவது, பெயர் போடுவது, சேமிப்பது எல்லாம் அவள். கலவை செய்வது அவர். தூசி துடைக்க அவள் துணியோடு ஃபேடர் பக்கம் போனாலே "அங்க என்னடி வேலை உனக்கு" என்று கத்துவார். கத்தாமல் அவருக்குப் பேசவே தெரியாது. கரண்ட் எப்போது போகும் என்று கர்த்தருக்கே தெரியாத ஊர் அது. அதனால் "சேவ் பண்ணுடி, சேவ் பண்ணுடி" என்று கத்திக் கத்தியே, பாட்டு முடிந்தால் யோசிக்காமல் சேவ் பட்டனுக்குப் போகும்படி அவள் விரல்களைப் பழக்கிவிட்டிருந்தார்.

பழைய கன்ட்ரோலர் போனது அவளால்தான். துலா மாதத்தில், நம் ஐப்பசியில், அங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இடி வந்துவிடும். வானம் கறுத்ததுமே எல்லா ஒயரையும் பிடுங்கிப் போட வேண்டியது அவள் வேலை. அன்றைக்கு அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தவள் மறந்துபோனாள். ஒரே ஒரு இடி. கம்ப்யூட்டர் எப்படியோ தப்பித்தது. கன்ட்ரோலரும், எல்லாப் பாட்டுக்கும் நகல் எடுத்து வைத்திருந்த டிஸ்க்கும் கருகிப்போயின. பௌலோச்சன் ஏழு நாள் விடாமல் திட்டினார்.

"உனக்குப் பதிலா ஸ்டுடியோல ஒரு கோழியை விட்டிருக்கலாம். இடி இடிச்சா அதாவது கூட்டுக்கு ஓடணும்னு தெரிஞ்சு வெச்சிருக்கும்!"

எட்டாவது நாள் கொச்சிக் கடைக்குப் போன் போட்டுப் புதியதற்குச் சொல்லிவைத்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இருபத்தைந்து நோன்பு தொடங்கிய அன்று காலை பக்கவாதம் வந்து குளியலறையில் விழுந்தார்.

கால் திரும்பி வந்தது, ஊன்றுகோலோடு. வலது கை வரவில்லை. பேச்சு கொஞ்சம் குழறும், ஆனால் பேச முடியும், பேசவைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். பேசவைப்பது யார்? அவர் பேச்சைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டார். "ம்", "போதும்", "வேண்டாம்." இந்த மூன்றோடு நாள் ஓடியது. ஒருநாள் கஞ்சி கொடுத்து வாயைத் துடைத்துவிட்டபோது அவர் மெல்ல "தேங்க்ஸ்" என்றார். முப்பத்தோரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து வராத சொல். ஏலிக்குட்டிக்கு யாரோ அடுத்த வீட்டு மனுஷனுக்குக் கஞ்சி ஊட்டுகிற மாதிரி இருந்தது. அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மகள் ஐர்லாந்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள். "பப்பா எப்படி இருக்காரு?" என்பாள். "அமைதியா இருக்காரு" என்று ஏலிக்குட்டி சொல்வாள். நல்லதுதானே என்று மகளுக்குச் சந்தோஷம். அமைதி என்ன நல்லது? வீட்டில் குக்கர் விசிலும் மழையும் தவிர வேறு சத்தமே இல்லை. தன்னைத் திட்டுவதற்கு இந்தப் பூமியில் ஒருத்தருமில்லாமல் போன ஒருத்தியின் தனிமையை ஐர்லாந்துக்குப் போனில் சொல்லிப் புரியவைக்க முடியாது. அவள் அதற்கு முயலவுமில்லை.

காலையில் எட்டு மணிக்கு ஷைஜு வருவான். கைகால் பயிற்சி கொடுக்கும் பையன் என்று சொன்னால் கோபித்துக்கொள்வான், முப்பத்தைந்து வயது. ஈஸ்டர் முடிந்த வாரத்தில் அவன் பௌலோச்சனின் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கிக்கொண்டே சொன்னான்.

"சேச்சி, நான் வந்து ஆட்டிட்டுப் போனா மட்டும் போதாது. தினமும் இருபது நிமிஷம் இந்தக் கை அசையணும். அதுக்குப் பழக்கப்பட்ட அசைவா இருந்தா இன்னும் நல்லது. ரப்பர் வெட்டறவரா இருந்தா கத்தியைக் கையில வெச்சு, பின்னாலருந்து பிடிச்சு ஆட்டச் சொல்வேன். அச்சாயன் கை என்ன செஞ்சுட்டிருந்தது?"

அவன் பைக் சத்தம் வளைவில் மறைந்ததும் ஏலிக்குட்டி இஸ்திரிப் போர்வையைச் சுருட்டி எறிந்துவிட்டுப் பெட்டியை உடைத்தாள்.

கணக்கு எளிது. ஃபேடர் தானாக ஓடும். அது ஓடுவது பௌலோச்சனின் கை ஓட்டின ஓட்டம். அவருடைய கையை அதன்மேல் வைத்துவிட்டால், அவர் கையே அவர் கைக்குப் பயிற்சி கொடுக்கும். ஷைஜு எந்த மூலைக்கு? இப்படி யோசித்ததும் அவளுக்கே தன் புத்தியின்மேல் மதிப்பு வந்தது.

புகைப்புரையைத் திறந்து தூசி தட்டி, கன்ட்ரோலரை மேசையில் வைத்து, ஒயரைச் சொருகினாள். குறிப்புப் புத்தகத்தில் சொல்லியிருந்தபடி ஒரு பட்டனை அழுத்திக்கொண்டே ஸ்விட்சைப் போட்டு, எந்த மென்பொருளோடு பேச வேண்டும் என்று அதற்குச் சொன்னாள். பிறகு கம்ப்யூட்டரில் மெனுவுக்குள் மெனுவாக இறங்கி, இப்படி ஒரு கருவி வந்திருக்கிறது என்று அதனிடமும் சொன்னாள். பெண் பார்க்கும் வேலைக்குக்கூட இரண்டு பக்கமும் இவ்வளவு சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் ஃபேடரை விரலால் தள்ளிப் பார்த்தாள். திரையில் இருந்த ஃபேடரும் நகர்ந்தது. ஆனால் திரையில் இருப்பதை மவுஸால் நகர்த்தினால் மேசைமேல் இருப்பது அசையாமல் கிடந்தது. ஒருநாள் முழுக்க மல்லுக்கட்டிவிட்டு மறுநாள் கொச்சிக் கடைக்குப் போன் போட்டாள். நிதின் என்று ஒருவன் எடுத்தான்.

"சேச்சி, செட்டிங்ல இன்புட் கொடுத்தீங்களா?"

"கொடுத்தேன் மோனே."

"அவுட்புட்?"

"அது வேற ஒண்ணு இருக்கா?"

"நேர் கீழேயே இருக்கும் பாருங்க. 'இல்லை'ன்னு கிடக்குதா? இப்போ உங்க கம்ப்யூட்டருக்குக் காது நல்லா கேட்குது. பதில் சொல்ற வாயை நீங்க தரலை. அதான் அது உம்முன்னு இருக்குது."

"இந்த வீட்ல இப்போ எல்லாமே அப்படித்தான் மோனே" என்றாள் ஏலிக்குட்டி.

அவன் சிரித்தான். அவள் கீழே இருந்ததைத் தேர்ந்தெடுத்து அழுத்தினாள். எட்டு ஃபேடரும் ஒரே நேரத்தில் சர்ரென்று மேலே ஏறி, அதனதன் இடத்தில் போய் நின்றன. அவள் போனைத் துண்டிக்கவும் மறந்துபோய், எழுந்து ஒரு எட்டு பின்னால் போய்விட்டாள்.

திறந்தது, பௌலோச்சன் கடைசியாகக் கலவை செய்த பாட்டை. மாதாவைக் கூப்பிடும் பாட்டு. ராமபுரத்திலிருந்து வந்த ரின்சி என்ற பெண் பாடியது. மூன்று சரணம். ரின்சியின் குரல் முதல் ஃபேடரில்.

பாட்டு தொடங்கியது. முதல் ஃபேடர் மெல்ல அசைந்தது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு சின்ன ஏற்றம், அந்தப் பெண் மூச்சு எடுப்பதற்கு இடம் விடுகிற மாதிரி. வரி முடியும் இடத்தில் ஒரு தயக்கம், பிறகு மெதுவான இறக்கம். கண்ணை மூடிக்கொண்டு தலையை ஒருபக்கம் சாய்த்து உட்கார்ந்திருக்கும் மனுஷனே அந்தக் குமிழுக்குப் பின்னால் தெரிந்தார். அவருக்கு எந்த இடத்தில் பொறுமை போயிற்று, எந்த இடத்தில் பாட்டு பிடித்துப்போயிற்று என்று எல்லாம் தெரிந்தது. ஒரு மனுஷனுக்கு ஆயிரம் போட்டோ இருக்கலாம். கைக்குப் போட்டோ இது ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

இரண்டாவது சரணத்தின் மூன்றாவது வரியில் ஃபேடர் திடீரென்று ஒரு மஞ்சாடிக்குரு அளவுக்கு, அந்தச் சின்னச் சிவப்பு விதையின் அளவுக்கு, கீழே போய் உடனே மேலே வந்தது.

ஏலிக்குட்டி பாட்டை நிறுத்தினாள். பின்னால் போய் மறுபடி போட்டாள். அதே இடத்தில் அதே பள்ளம். அது என்னவென்று அவளுக்குத் தெரியும். அந்த வரியில்தான் அவள் பால் விடாத கட்டன் காப்பியோடு உள்ளே போனாள். அவர் பாட்டை நிறுத்தாமல் இடது கையை நீட்டி டம்ளரை வாங்கினார். வாங்கும்போது வலது கட்டைவிரல் கொஞ்சம் வழுக்கியது. "ஐயோ, இறங்கிடுச்சே" என்றாள் அவள். "விடுடி, யாருக்குத் தெரியப்போவுது" என்று அவர் அதை அப்படியே விட்டுவிட்டார். ஊரெல்லாம் கேட்ட பாட்டு. யாருக்கும் தெரியவில்லைதான்.

அந்தப் பள்ளத்தை அவள் ஐந்து முறை போட்டுப் பார்த்தாள். அவருடைய கையின் போட்டோவில் ஓர் ஓரமாக அவளும் நின்றிருந்தாள்.

மறுநாள் ஷைஜு போனதும் பௌலோச்சனைக் கைத்தாங்கலாகப் புகைப்புரைக்குக் கூட்டிவந்தாள். விழுந்ததிலிருந்து அவர் அந்தப் பக்கம் வந்ததில்லை. வாசலில் ஒரு நொடி நின்றார்.

"சும்மா வந்து உட்காருங்க அச்சாயா. வேலை செய்யச் சொல்லலை. உங்க கையே வேலை செய்யும், நீங்க வேடிக்கை பாருங்க."

"ம்" என்றார்.

அவரை நாற்காலியில் உட்காரவைத்து, மேசை விளிம்பில் ஒரு தோர்த்துத் துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் அவருடைய வலது மணிக்கட்டை வைத்தாள். விரல்கள் முதல் ஃபேடரின்மேல் படிந்தன. கை கனமாக இருந்ததால் தன் உள்ளங்கையை அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். இன்னொரு கையால் பாட்டைப் போட்டாள்.

ஃபேடருக்கு மேலே ஒரு சின்ன சிவப்பு விளக்கு எரிந்தது. அழகாக இருந்தது. கை பட்டதும் எரிகிறது போலிருக்கிறது, நல்ல வேலைப்பாடு என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஃபேடர் கொஞ்சம் கீழே தாழ்ந்தது. ரின்சியின் குரல் வயலினுக்குள் முங்கிப்போயிற்று. பரவாயில்லை, கையின் கனம், மோட்டார் பாவம் திணறுகிறது. கொஞ்ச நேரத்தில் ஃபேடர் மேலே ஒரு நூலளவு போயிற்று. கீழே வந்தது. மறுபடி மேலே. கையும் கூடவே போயிற்று.

"அசையுது அச்சாயா! பார்த்தீங்களா, அசையுது!"

பௌலோச்சன் ஃபேடரைப் பார்த்தார். சிவப்பு விளக்கைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். கடைசியாக அவள் முகத்தைப் பார்த்தார், கொஞ்சம் அதிக நேரம்.

"ம்" என்றார்.

பாட்டு முடிந்தது. ஏலிக்குட்டியின் விரல்கள் தாமாகப் போய்ச் சேவ் பண்ணின.

அதற்குப் பிறகு அது தினப்படி வழக்கமாகிவிட்டது. ஷைஜு போனதும் இருவரும் புகைப்புரைக்குப் போவார்கள். பாட்டை நாலு முறை போடுவார்கள், சரியாக இருபது நிமிஷம். ஒவ்வொரு முறையும் முடிவில் ஒரு சேவ். அந்த இருபது நிமிஷமும் அவருடைய கை அவளுடைய உள்ளங்கையில் இருக்கும். நாலு மாதமாக அவரைக் குளிப்பாட்டியிருக்கிறாள், துடைத்திருக்கிறாள், சட்டை மாட்டியிருக்கிறாள், ஊட்டியிருக்கிறாள். அதெல்லாம் வேலை. கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்காருவது வேறு. முதல் இரண்டு நாள் வெட்கமாகக்கூட இருந்தது. பிறகு பேச ஆரம்பித்தாள். அக்கா வீட்டுப் பலாமரம் சாய்ந்த கதை, பங்குத்தந்தை புது மைக் வாங்கி ஏமாந்த கதை, மீன்காரன் அயிலையை மத்தி விலைக்குக் கொடுத்துவிட்டு மறுநாள் வந்து தலையில் அடித்துக்கொண்ட கதை. எல்லாவற்றுக்கும் அவருடைய 'ம்'தான். ஆனால் ஒன்பது மணியானால் ஊன்றுகோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்க்கத் தொடங்கியிருந்தார். அவள் அதைக் கவனித்தாள். கை குணமாகப்போகிறது என்ற ஆசையில் அப்படிப் பார்க்கிறார் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டாள்.

பதினோராவது நாள் ஷைஜுவிடம் பெருமை தாங்காமல் சொல்லிவிட்டாள். அவன் பௌலோச்சனின் விரல்களைத் தொட்டு, அழுத்தி, "தள்ளுங்க அச்சாயா, என் கையைத் தள்ளுங்க" என்று பார்த்துவிட்டு அவளைத் தனியாக அழைத்தான்.

"சேச்சி, வருத்தப்படாதீங்க. கை இன்னும் அசையலை."

"நான் கண்ணால பார்த்தேன்டா."

"நீங்க அடியில பிடிச்சிருக்கீங்கல்ல? அசையறது உங்க கை."

"என் கை எனக்குத் தெரியாதா? மெஷின் அசைக்குது, கூடவே அவர் கையும் போகுது. உனக்கு ஃபேடர்னா என்னன்னு தெரியுமா? ஃபீஸ் வாங்கத் தெரியும்!"

அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாகப் போய்விட்டான். ஏலிக்குட்டி நேராகப் புகைப்புரைக்குப் போனாள். அன்றைக்குப் பௌலோச்சனைக் கூப்பிடவில்லை. மெஷின் எப்படி அசைக்கிறது என்று கை வைக்காமல் பார்த்துவிட்டு, நாளைக்கு அவனுக்கு வீடியோ எடுத்துக் காட்ட வேண்டும் என்ற வீறாப்பு.

பாட்டைப் போட்டாள். முதல் ஃபேடர் கீழே இறங்கியது. இறங்கி, அங்கேயே கிடந்தது. நடுநடுவே ஒரு நடுக்கம், அவ்வளவுதான். வரிக்கு முன்னால் ஏற்றம் இல்லை. மூச்சுக்கு இடம் இல்லை. ரின்சி வயலினுக்கு அடியிலிருந்து யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாவது சரணம் வந்தது. மூன்றாவது வரி வந்தது, போனது. பள்ளம் இல்லை.

குறிப்புப் புத்தகத்தைத் தேடி எடுத்தாள். பன்னிரண்டாம் பக்கத்தில் இரண்டே வரியில் இருந்தது. ஃபேடரின் தலைக்கு மனுஷத் தோல் தெரியும். விரல் பட்ட நொடியில் மோட்டார் விட்டுக்கொடுத்துவிடும், இனி கை சொல்வதுதான் சட்டம் என்று. எழுதும் நிலையில் வைத்திருந்தால் பழையதை அழித்துவிட்டுக் கை செய்வதைப் புதிதாக எழுதிக்கொள்ளும். எழுதும்போது சிவப்பு விளக்கு எரியும். பௌலோச்சன் எல்லாப் பாட்டையும் எழுதும் நிலையிலேயே விட்டுவைப்பவர். ஃபேடர் அவருடைய ராஜ்ஜியம், அந்தச் சட்டதிட்டம் அவளுக்கு எப்படித் தெரியும்? அவர் கையை அவள் தாங்கிப் பிடித்தாள். அவளுடைய நடுக்கத்தை மெஷின் எழுதிக்கொண்டது. பாட்டு முடியும்போதெல்லாம் அவள் ஒழுங்காகச் சேவ் பண்ணினாள்.

கம்ப்யூட்டர் தானாக வைத்துக்கொள்ளும் பழைய நகல்கள் பத்து. எல்லாவற்றையும் திறந்தாள். ஒரு நாளைக்கு நாலு சேவ், பத்து நாள். புதியது வர வரப் பழையது வெளியே தள்ளப்பட்டு, பத்தும் ஒரே மாதிரி தட்டையாக இருந்தன. டிஸ்க் இடியில் போயிற்று. பாட்டு போகவில்லை. அது பெருநாளுக்குப் பெருநாள் ஒலிபெருக்கியில் அலறிக்கொண்டுதான் இருக்கும். போனது கை. அதை முதலில் ஆண்டவர் எடுத்தார். மிச்சமிருந்ததை அவள் தினம் நாலு தடவை அழித்தாள்.

வெளியே கல்லில் ஊன்றுகோல் தட்டும் சத்தம் கேட்டது. ஒன்பதரை ஆகியும் கூப்பிட ஆள் வராததால் பௌலோச்சன் தானாகவே கிளம்பி வந்துவிட்டார். கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்து அவளைப் பார்த்தார்.

"என்ன?"

"கெடுத்துட்டேன் அச்சாயா. எல்லாத்தையும் அழிச்சுட்டேன். உங்க கையைக் கொண்டுபோய் அது மேல வெச்சு... நீங்க ஓட்டினதெல்லாம் போச்சு. ஒரு நகல்கூட இல்லை. திட்டுங்க. வாயைத் திறந்து திட்டுங்களேன்."

அவர் நாற்காலிக்கு வந்து மெல்ல உட்கார்ந்தார். ஊன்றுகோலைச் சாய்த்துவைத்தார்.

"தெரி...யும்."

"என்ன தெரியும்?"

இடது கையை நீட்டி, எரியாமல் இருந்த அந்தச் சிவப்பு விளக்கைத் தொட்டுக் காட்டினார். "முதல் நாளே."

ஏலிக்குட்டி எழுந்து நின்றுவிட்டாள்.

"அழியுதுன்னு தெரியுமா? தெரிஞ்சுமா 'ம்'முன்னு உட்கார்ந்திருந்தீங்க? பத்து நாள்! வாயில என்ன, கொழுக்கட்டையா? உங்க கை அச்சாயா அது! உங்களுக்குப் பதிலா இந்த நாற்காலியில ஒரு கோழியை உட்காரவெச்சிருந்தா அதாவது கொக்கரிச்சிருக்கும்!"

பௌலோச்சனின் முகத்தின் ஒரு பாதி சிரித்தது. இன்னொரு பாதியால் முடியவில்லை. சொல்லைத் தேடி, பிடித்து, ஒவ்வொன்றாக வெளியே வைத்தார்.

"சொன்னா... நீ கையை... விட்டிருப்பே."

நாலு மாதமாக இந்த வீட்டில் தான் ஒருத்திதான் தனி என்று அவள் நினைத்திருந்தாள். ஒரே கட்டிலின் அந்த ஓரத்தில் இன்னோர் ஆளும் அதே தனிமையில் கிடந்ததும், இருபது நிமிஷத்துக்காகத் தன் கடைசிப் பாட்டையே பத்து நாளாக விலை கொடுத்துக்கொண்டிருந்ததும் அவளுக்குத் தெரியவே இல்லை. வெட்கமாக இருந்தது. முகத்தைத் தோர்த்தில் துடைத்துக்கொண்டு, ஸ்டூலை இழுத்து அவருடைய வலது பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அவருடைய வலது கையை எடுத்தாள். ஃபேடரின்மேல் வைக்கவில்லை, தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"போடு" என்றார் அவர்.

"என்னத்தைப் போட?"

"பாட்டை."

அவள் போட்டாள். அவர் இடது கையைக் குறுக்கே நீட்டி முதல் ஃபேடரைத் தொட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. ரின்சியின் குரல் வயலினுக்கு அடியிலிருந்து தடுமாறி எழுந்தது. நன்றாக இல்லை, பொய் சொல்லக் கூடாது. அந்தக் கை எல்லா இடத்துக்கும் தாமதமாகவே போய்ச் சேர்ந்தது. ஏற்ற வேண்டிய இடத்தில் தயங்கியது, தயங்க வேண்டிய இடத்தில் எகிறியது. பழைய கை அல்ல அது. பழைய கை ஏலிக்குட்டியின் மடியில் கதகதப்பாக, எதுவும் தெரியாமல் கிடந்தது.

இரண்டாவது சரணம். முதல் வரி, இரண்டாவது வரி. அவர் தலையை ஒருபக்கம் சாய்த்தார்.

"காப்பி" என்றார்.

அவள் எழப் போனாள். எழுந்தால் கையை விட வேண்டும். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூன்றாவது வரி வந்தது. பௌலோச்சன் கட்டைவிரலால் ஃபேடரைக் கீழே இழுத்தார். மஞ்சாடிக்குரு அளவுக்கு இழுக்கத்தான் நினைத்திருப்பார். கை நிற்கவில்லை, பலாக்கொட்டை அளவுக்குப் போய்விட்டது. ரின்சி ஒரு வார்த்தை முழுக்கக் காணாமல் போய்த் திரும்பி வந்தாள்.

"ஐயோ, ரொம்ப இறங்கிடுச்சே அச்சாயா."

"விடு...டி. யாருக்குத் தெரியப்போவுது."

பாட்டு முடிந்ததும் ஏலிக்குட்டி ஒற்றைக் கையால் சேவ் பண்ணினாள்.